உறைபனி படிந்த எழுத்து: ஜிம்ப்பில் ஒரு சாக்லேட் பெட்டி லேபிள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் சாக்லேட் பெட்டிகளின் லேபிள்களைப் பாருங்கள். தங்க நிற எழுத்து, அதற்குக் கறுப்பு நிழல், மூலையில் ஒரு மினுக்கல் என்று பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். மென்பொருளில் முதலில் கண்ணில் பட்ட எஃபெக்டை அப்படியே எடுத்துப் போடுவதால் வருவது இது. எந்தப் பொருளைப் போல எழுத்து தெரிய வேண்டும், அந்தப் பொருள் நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்கினால், இலவச மென்பொருளிலேயே நல்ல லேபிள் செய்யலாம். இங்கே எடுத்துக்கொள்வது உறைபனி. எழுத்து, ‘ஊட்டி சாக்லேட்’.

டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை தலைக்குந்தா புல்வெளியையோ, வெளியே நிறுத்திய காரின் கூரையையோ பார்த்தவர்களுக்குத் தெரியும்: நம் உறைபனி பொடிப்பொடியான வெள்ளை. மேல் பார்த்த பரப்பில்தான் தடித்துப் படியும், பக்கவாட்டில் மெலிதாக இருக்கும், அடிப்பக்கத்தில் இருக்காது. எல்லா இடத்திலும் ஒரே அளவாகவும் படியாது. கண்ணாடிக் கூம்பு மாதிரி கீழே தொங்கும் பனிக்கட்டி வெளிநாட்டு கிறிஸ்துமஸ் அட்டைக்குரியது, அது இங்கே வேண்டாம். இந்த மூன்று குணங்களைத்தான் கீழே ஒவ்வொன்றாகக் கொண்டுவரப் போகிறோம்.

மென்பொருளும் ஃபாண்டும்

ஜிம்ப் என்பது படங்களைத் திருத்தவும் வடிவமைக்கவும் உதவும் மென்பொருள், 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது. இன்றும் முழுக்க இலவசம், விற்பனைக்கான வேலைக்கும் தடையில்லை. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு தளங்களில் கிடைப்பதோடு வேண்டாத சரக்கும் சேர்ந்து வரும். 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது, அதற்கு விண்டோஸ் 10 வேண்டும். விண்டோஸ் 7 ஓடும் பழைய கம்ப்யூட்டர் என்றால் 2.10 பதிப்பு போதும். இங்கே சொல்லும் எல்லா வேலையும் இரண்டிலும் நடக்கும். பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: 3.0இல் ஒரு லேயருக்கு (படத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வரும் அடுக்குக்கு) போட்ட ஃபில்டரைப் பிறகு திறந்து அளவை மாற்றலாம். 2.10இல் போட்டது போட்டதுதான். அதனால் 2.10 வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஃபில்டருக்கும் முன்னால் லேயரை ஒரு பிரதி எடுத்து, அதன் கண் அடையாளத்தை அணைத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாண்ட் யூனிகோடாக இருக்க வேண்டும். பாமினி வகைப் பழைய ஃபாண்ட்களை வைத்து யூனிகோடில் தட்டினால் அந்த ஃபாண்டின் வடிவம் வராது, வேறு ஏதோ ஃபாண்டில் எழுத்து விழும். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் முக்த மலர் எக்ஸ்ட்ரா போல்ட், நோட்டோ சான்ஸ் தமிழ் பிளாக் இரண்டும் இந்த வேலைக்குப் பொருத்தம். காரணம், கோடுகள் தடிமன், மேல்முனை தட்டை. பனி உட்கார இடம் வேண்டும் அல்லவா? கவிவனார் (Kavivanar) போன்ற கையெழுத்து ஃபாண்ட் அழகுதான், ஆனால் கோடு மெலிது. பனி போட்டால் எழுத்தே காணாமல் போகும்.

விண்டோஸில் ஃபாண்டை நிறுவும்போது ரைட் கிளிக் செய்து ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணமாக நிறுவினால் ஜிம்ப்பின் சில பதிப்புகளுக்குக் கண்ணில் படாது. ஜிம்ப் திறந்திருக்கும்போதே நிறுவியிருந்தால், ஃபாண்ட்ஸ் பலகத்தின் கீழே உள்ள ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்த வேண்டும்.

தாளின் அளவு

லேபிள் 90 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அச்சகத்தில் வெட்டும்போது கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதற்காக நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விடுவதைத்தான் ப்ளீடு என்கிறார்கள். ஆக 96க்கு 56.

ஃபைல் > நியூ திறந்து அலகை மில்லிமீட்டருக்கு மாற்றி இந்த எண்களைக் கொடுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெசல்யூஷன் (ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்) இரண்டு கட்டத்திலும் 300 இருக்கிறதா என்று பாருங்கள். கீழே 1134 × 661 பிக்சல் என்று காட்டினால் சரி. 363 × 212 என்று காட்டினால் ரெசல்யூஷன் 96 என்று அர்த்தம், அதை இப்போதே திருத்துங்கள். சின்னதாகச் செய்து முடித்த படத்தைக் கடைசியில் பெரிதாக்கினால் எழுத்தின் ஓரம் குழைந்துவிடும்.

இமேஜ் > கைட்ஸ் > நியூ கைட் வழியாக ப்ளீடு கோடுகளைப் போடுங்கள்: நெட்டுக்கோடு 35இலும் 1099இலும், குறுக்குக்கோடு 35இலும் 626இலும். எழுத்து எதுவும் இந்தக் கோடுகளிலிருந்து இன்னும் 35 பிக்சல் உள்ளே தள்ளியே நிற்கட்டும்.

இப்போதே கண்ட்ரோல்+எஸ் அழுத்தி ஜிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது மலையில் சாதாரணம். யுபிஎஸ் இல்லாதவர்கள் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் சேமிப்பதே நல்லது.

பின்னணி

சாக்லேட் லேபிள் என்றதும் கை தானாகப் பழுப்பு நிறத்துக்குப் போகும். இந்த எஃபெக்டுக்குப் பழுப்பு ஆகவே ஆகாது. வெப்பம் ஏறி இறங்கினால் சாக்லேட் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும், அது பழைய சரக்கின் அடையாளம் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். பழுப்பின் மேல் வெள்ளைப் பொடி தூவிய லேபிள் அதைத்தான் நினைவூட்டும்.

அதனால் விடியற்காலை வானத்தின் நீலச் சாம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். நிறக் குறியீடு முன்னணி நிறத்துக்கு 345060, பின்னணி நிறத்துக்கு 909899. ஜி விசையை அழுத்தி கிரேடியன்ட் கருவியை எடுத்து, கண்ட்ரோலைப் பிடித்தபடி மேலிருந்து கீழே நேராக இழுத்து, என்டர் தட்டுங்கள். மேலே அடர்த்தி, கீழே வெளிர். பள்ளத்தில் மூடுபனி தேங்கி நிற்கும் காலை அப்படித்தான் இருக்கும். அதைவிட முக்கியம், எழுத்தின் மேல்விளிம்பில் வரப்போகும் வெள்ளைக்குப் பின்னால் இருட்டு கிடைக்கிறது. கிரேடியன்ட் கருவியின் ஆப்ஷன்களில் டிதரிங் டிக் ஆகியிருக்கட்டும், இல்லையென்றால் அச்சில் பட்டை பட்டையாகத் தெரியும்.

மூடுபனிக்கு ஒரு புது லேயர். ஃபில்டர்ஸ் > ரெண்டர் > நாய்ஸ் > சாலிட் நாய்ஸ் திறந்து எக்ஸ் அளவு 1.5, ஒய் அளவு 4, டீடெய்ல் 3 கொடுத்தால் கிடையாக நீண்ட மங்கல் பட்டைகள் கிடைக்கும். நெட்டாக வந்துவிட்டால் இரண்டு எண்களையும் இடம் மாற்றுங்கள். பிறகு கலர்ஸ் > லெவல்ஸில் இடப்பக்க முக்கோணத்தை 90 வரை நகர்த்தினால் பனிக்கு நடுவே இடைவெளி திறக்கும். லேயரின் மோடை ஸ்கிரீன் ஆக்கி, ஒபாசிட்டி 45 வையுங்கள். ஸ்கிரீன் மோடில் கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் நிற்கும். கடைசியாக இந்த லேயருக்கு வெள்ளை மாஸ்க் (கறுப்பு உள்ள இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளை உள்ள இடத்தில் காட்டும் திரை) சேர்த்து, மாஸ்க்கில் மேலே கறுப்பு, கீழே வெள்ளை வருகிற மாதிரி கிரேடியன்ட் இழுத்தால் பனி கீழ்ப்பாதியில் மட்டும் தங்கும்.

புதியவர்கள் வழக்கமாக இங்கேதான் சறுக்குவார்கள்: மாஸ்க்கில் இழுக்க வேண்டியதை லேயரிலேயே இழுத்து, செய்த பனி முழுக்க அழிந்துபோகும். லேயர் பலகத்தில் சிறுபடம், மாஸ்க் இரண்டில் எதைச் சுற்றி வெள்ளைக் கட்டம் இருக்கிறதோ அதில்தான் கை வேலை செய்யும். இழுப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து

டி விசை, டெக்ஸ்ட் கருவி. ‘ஊட்டி’ ஒரு வரி, ‘சாக்லேட்’ அடுத்த வரி, அளவு 180 பிக்சல், நிறம் 123524. அடர்ந்த இலைப்பச்சை. தூரத்திலிருந்து கறுப்பாகவே தெரியும், ஆனால் பக்கத்தில் வெள்ளை வந்ததும் பச்சை தெளியும். எழுத்துக்கு வெளிர் நிறம் கொடுத்தால் பனி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

இரண்டு வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் குறைக்கும்போது கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் மேல்வரியைத் தொடாமல் பாருங்கள். ஆங்கில எழுத்துக்குப் பழகிய கண் வரியை மிக நெருக்கிவிடும்.

உறைபனி

இதுதான் முக்கிய வேலை. அவசரப்படாமல் செய்யுங்கள்.

எழுத்து லேயரில் ரைட் கிளிக் செய்து ஆல்ஃபா டு செலக்ஷன் கொடுங்கள். எழுத்தைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு வரும். செலக்ட் > குரோ, 3 பிக்சல். எழுத்துக்கு மேலே ஒளிபுகும் புது லேயர் ஒன்று சேர்த்து ‘உறைபனி’ என்று பெயரிட்டு, முன்னணி நிறத்தை வெள்ளையாக்கி, எடிட் மெனுவில் ஃபில் வித் எஃப்ஜி கலர் கொடுங்கள். எழுத்து முழுக்க வெள்ளையாகும், பயப்பட வேண்டாம்.

இப்போது எழுத்து லேயரில் மறுபடி ஆல்ஃபா டு செலக்ஷன். இந்த முறை குரோ வேண்டாம். உறைபனி லேயரைக் கிளிக் செய்து, எம் விசையால் மூவ் கருவியை எடுத்து, அதன் ஆப்ஷன்களில் லேயர், செலக்ஷன், பாத் என்று இருக்கும் மூன்று சின்னங்களில் நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பட ஜன்னலில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டுக் கீழ் அம்புக்குறியை ஏழு முறை தட்டுங்கள். புள்ளிக்கோடு மட்டும் ஏழு பிக்சல் கீழே இறங்கும். டெலீட் அழுத்துங்கள்.

மிச்சமிருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டின் மேல்விளிம்பிலும் பத்துப் பிக்சல் தடிமனுக்கு வெள்ளை, பக்கவாட்டில் மூன்று, அடியில் ஒன்றுமில்லை. ‘ட’வின் கீழ்க்கோட்டு மேலும், ‘ஊ’வின் வளைவுக்குள்ளும் தனித்தனியாகப் பனி உட்கார்ந்திருக்கும். கையால் வரைந்தால் இவ்வளவு சீராக வராது. டெலீட் அழுத்தியபோது எழுத்தே நறுக்கப்பட்டிருந்தால் நீங்கள் எழுத்து லேயரில் நின்றிருக்கிறீர்கள், புள்ளிக்கோட்டோடு லேயரே நகர்ந்திருந்தால் மூவ் கருவியில் சின்னம் மாறவில்லை. கண்ட்ரோல்+இசட் கொடுத்துத் திரும்புங்கள்.

அடுத்து பொடி. முதலில் செலக்ட் > நன். இதை மறந்தால் ஃபில்டர் புள்ளிக்கோட்டுக்குள்ளேயே அடைபட்டு, ஓரம் கத்தரித்த மாதிரி நிற்கும். பிறகு உறைபனி லேயரைப் பிரதி எடுங்கள். கீழ்ப் பிரதிக்கு ஃபில்டர்ஸ் > நாய்ஸ் > ஸ்ப்ரெட், இரண்டு கட்டத்திலும் 3. மேல் பிரதிக்கு 12, ஒபாசிட்டி 60. முதலாவது விளிம்பைச் சொரசொரப்பாக்கும், இரண்டாவது சுற்றிலும் தூவும். இரண்டையும் சேர்த்து மேல் லேயரில் ரைட் கிளிக் > மெர்ஜ் டவுன்.

திரையில் இப்போதே அழகாக இருக்கும். அச்சில் ஏமாற்றும். 300 ரெசல்யூஷனில் ஒரு பிக்சல் என்பது 0.085 மில்லிமீட்டர், அந்த அளவுப் பொடி தாளில் வெறும் மங்கலாகத்தான் விழும். கண்ணுக்குத் தெரிய நாலைந்து பிக்சல் மணிகள் கொஞ்சம் வேண்டும். பெயின்ட்பிரஷ் எடுங்கள். ஹார்ட்னஸ் 100 உள்ள வட்டத் தூரிகை, அளவு 5, ஸ்பேஸிங் 250, அப்ளை ஜிட்டர் டிக் செய்து அமவுன்ட் 2. மேல்விளிம்பை ஒட்டி ஒருமுறை மெதுவாக இழுத்தால் மணி மணியாகச் சிதறும். ஒரு எழுத்துக்கு ஒரு இழுப்பு போதும். இரண்டாவது முறை இழுத்தால் சர்க்கரை கொட்டியது மாதிரி ஆகிவிடும்.

தமிழில் இந்த இடத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘ஊட்டி சாக்லேட்’டில் மூன்று மெய்ப்புள்ளிகள். இந்த அளவில் ஒரு புள்ளியின் குறுக்களவு ஏறக்குறைய 20 பிக்சல். அதன் மேல் பத்துப் பிக்சல் பனி விழுந்தால் பாதிப் புள்ளி போய்விடும், பக்கத்தில் சிதறிய மணிகள் புள்ளியோடு கலந்து எது புள்ளி, எது பனி என்று தெரியாது. ‘சாக்லேட்’ ‘சாகலேட’ ஆகிவிடும். அதனால் அழிப்பான் எடுத்து மூன்று புள்ளிகளின் மேலும் பனியை மேல்விளிம்பில் மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் துடையுங்கள். புள்ளியைச் சுற்றி இன்னொரு புள்ளி அளவுக்கு வெற்றிடம் இருக்கட்டும். ‘ழ’, ‘ஞ’, ‘ண’ போல உள்ளே சுழி உள்ள எழுத்துகள் வந்தால் சுழிக்குள் விழுந்த மணிகளையும் எடுத்துவிடுங்கள்.

பனி எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதை உடைக்க உறைபனி லேயருக்கு வெள்ளை மாஸ்க் சேர்த்து, அந்த மாஸ்க்கில் சாலிட் நாய்ஸ் போடுங்கள்: எக்ஸ் 8, ஒய் 8, டீடெய்ல் 4. பிறகு லெவல்ஸில் வலப்பக்க முக்கோணத்தை 140 வரை இழுங்கள். அங்கங்கே தேய்ந்து, அங்கங்கே தடித்து வரும். ஒரு எழுத்து முழுக்கப் பனி இழந்துவிட்டால் சாலிட் நாய்ஸில் நியூ சீட் அழுத்தி வேறு அமைப்பைப் பிடியுங்கள்.

கடைசியாகப் பனிக்குக் கனம். உறைபனி லேயரைப் பிரதி எடுத்து, அடியில் இருப்பதில் லாக் ஆல்ஃபா (வெற்றிடத்தில் நிறம் விழாமல் தடுக்கும் பூட்டு) போட்டு 345060 நிறத்தை நிரப்புங்கள். லாக்கை எடுத்துவிட்டு, மூவ் கருவியை லேயர் சின்னத்துக்குத் திருப்பி, மூன்று பிக்சல் கீழே இறக்கி, காசியன் பிளர் 2, ஒபாசிட்டி 60. லாக்கை எடுக்க மறந்தால் பிளர் ஓரத்தைத் தாண்டிப் பரவாது, நிழல் வெட்டி ஒட்டியது போல நிற்கும்.

இதற்கு மேல் டிராப் ஷேடோ வேண்டாம். உறைபனி இருக்கும் நேரத்தில் வெயில் இல்லை, வெயில் வந்தால் உறைபனி இல்லை. பக்கவாட்டில் விழும் கறுப்பு நிழலும் லென்ஸ் ஃபிளேரும் இதற்கு ஒட்டாது. அதேபோல 90 மில்லிமீட்டருக்குள் மலை ரயில், தேயிலைச் செடி, குறிஞ்சிப்பூ மூன்றையும் திணிக்கவும் வேண்டாம். ஓரத்துக்குத் தோடர் பூத்தையல் வடிவத்தைப் படமெடுத்து ஒட்டும் பழக்கமும் பரவியிருக்கிறது. அது 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. கேட்காமல் எடுத்துச் சாக்லேட் பெட்டிக்கு ஓரம் கட்டுவது முறையல்ல.

இதே எஃபெக்டை வர்க்கி பாக்கெட்டுக்கும் போடலாமா என்றால், கூடாது. வர்க்கி மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய பண்டம், அதன் மேல் பனி என்றால் நமுத்துப்போனதாகத்தான் தோன்றும். நீலகிரித் தைல பாட்டிலுக்கு நன்றாகப் பொருந்தும், குளிர்ச்சி அங்கே பொருளின் குணம்.

சிறு எழுத்துகள்

உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண், சேர்மானப் பட்டியல், நிகர எடை, விலை, தயாரித்த தேதி எல்லாம் பெட்டியில் இருந்தாக வேண்டும். சைவக் குறியும் வேண்டும், பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம். இவற்றில் எந்த எஃபெக்டும் கூடாது, அடியில் மூடுபனியும் கூடாது. சமமான வெளிர் நிறப் பட்டை ஒன்றின் மேல் கறுப்பு எழுத்து. 300 ரெசல்யூஷனில் ஒரு பாயின்ட் என்பது சுமார் 4.2 பிக்சல், எனவே 7 பாயின்ட் எழுத்துக்கு 29 பிக்சல். அதற்குக் கீழே தமிழ் எழுத்தின் சுழிகள் மையில் அடைந்துவிடும். சைவக் குறியின் வட்டம் 4 மில்லிமீட்டர் என்றால் 47 பிக்சல்.

அச்சுக்கு அனுப்பும் முன்

வியூ மெனுவில் டாட் ஃபார் டாட் டிக்கை எடுத்துவிட்டு ஜூம் 100 வைத்தால், திரையின் ரெசல்யூஷன் ஜிம்ப்பில் சரியாகக் கொடுத்திருக்கும் பட்சத்தில், லேபிள் நிஜ அளவில் தெரியும். 400 சதவீதத்தில் பார்த்துப் பார்த்துச் செய்த மணிகளில் பாதி அங்கே காணாது. சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பது அதைவிட உறுதி. புள்ளிகள் மூன்றும் தெரிகின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.

ஃபைல் > எக்ஸ்போர்ட் அஸ் வழியாக வாட்ஸ்அப்பில் காட்ட பிஎன்ஜி, அச்சகத்துக்கு டிஃப் அல்லது பிடிஎஃப். ஜேபெக்தான் வேண்டும் என்று கேட்டால் குவாலிட்டி 95. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாகுமென்ட் ஆக அனுப்புங்கள். நம் நீலச் சாம்பல் அச்சில் பெரிதாக மாறாது. குறிஞ்சிப்பூவின் ஊதா நீலத்தை ஆசைப்பட்டு எடுத்தவர்களுக்குத்தான் ஏமாற்றம்: திரையில் சுடர்விடும் அந்த நிறத்தை நாலு வண்ண மையால் கொடுக்க முடியாது, மங்கிய கத்தரிப்பூ நிறமாக வரும். மூட்டையாக அச்சடிக்கும் முன் ஒரு பிரதியாவது அடித்துப் பாருங்கள்.

வீட்டு இங்க்ஜெட்டில் அச்சடித்தால் மலை ஈரத்துக்கு மை கசியும், லேசர் அச்சு தாங்கும். தைல பாட்டிலுக்கு லேசரும் போதாது. தைலம் ஒரு சொட்டு வழிந்தாலே ஒட்டுப்பசையை இளக்கிவிடும், மையையும் இழுத்துவிடும். அந்த லேபிளுக்கு மேல்பூச்சு கட்டாயம். அச்சகத்தில் தைலம் தாங்கும் பூச்சு எது என்று கேட்டு, மாதிரி லேபிள் ஒன்றின் மேல் தைலம் தடவி ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள்.